அன்னம்மா நின்ற இடம்

காலை ஆறு மணிக்கு முதல் லாரியின் பின்கதவைத் திறந்தோம். ஈரத் துணியின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. முந்தின நாள் யார் யாரோ படுத்துப் புரண்டு எழுந்துபோன விரிப்புகள், துண்டுகள், தலையணை உறைகள். ஒவ்வொரு தள்ளுவண்டியும் இரண்டு ஆள் கனம் கனக்கும். கதிரேசண்ணன் தோளைக் கொடுத்து முக்கினார். அறுபத்தொரு வயது, இடது முழங்காலில் கட்டு. அவருக்குப் பின்னால் நான். வாசல் விளிம்பில் சக்கரம் இடித்து நின்றது. இன்னொரு முறை மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். ஏறியது. இப்படி இருபத்திரண்டு வண்டி.

ஜூரோங்கில் ஒரு பழைய தொழிற்கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது எங்கள் சலவைக்கூடம். ஏழு மணிக்கு வெளியே வெளுக்கும்போது உள்ளே நீராவி கூரையைத் தொட்டிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். குளோரின் மூக்கின் உட்தோலை அரிக்கும். துவைக்கும் மெஷின்களின் உறுமலில் ஒருவரை ஒருவர் கத்தித்தான் கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் கத்தித்தான் பேசுகிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

எங்கள் என்று எழுதுகிறேன். அந்தச் சொல் இன்னும் முழுதாக நாக்கில் உட்காரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்புவரை இது சேதுபதி சாருடைய கூடம். கிருமி பரவி ஊரே அடங்கிய காலத்தில் ஓட்டல்கள் படுத்தன, அவர் கம்பெனியை மூடினார். மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார் என்று தெரிந்தபோது சம்சுன்னிசா அக்காதான் கேட்டார்: "அத நாம வாங்குனா என்ன?" கேட்டவரே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் கேள்வி வெளியே வந்துவிட்டது. பதினொரு பேர் சேர்ந்தோம். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தோம். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஓர் ஓட்டு. பதினெட்டு வருடம் அங்கே மெஷின் பழுது பார்த்தவன் என்பதால் ரகுபதியாகிய என்னைத் தலைவனாக்கினார்கள்.

முதலாளி இல்லாத முதல் வாரத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். சம்சுக்கா கையைத் தூக்கி, "டாய்லெட் போயிட்டு வரட்டா?" என்று காற்றிடம் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அடுத்த வாரமும் கேட்டார், அப்போது யாரும் சிரிக்கவில்லை. கதிரேசண்ணன் காய்ச்சலோடு வேலைக்கு வந்து நின்றார். "எம்சி லீவு எடுத்தா யாருக்கு மெசேஜ் அனுப்பறதுன்னு தெரியல. அதான் வந்துட்டேன்." எனக்கு வேறு மாதிரி. லாரிக்காரர்கள் 'பாஸ்' என்று கூப்பிடும்போது திரும்பிப் பின்னால் பார்ப்பேன், அவர் வந்துவிட்டாரோ என்று. ஒரு வருடத்தில் திரும்பிப் பார்ப்பது நின்றுவிட்டது. அது என்றைக்கு நின்றது என்று எனக்கே தெரியாது.

மற்றதெல்லாம் மாறியது. அயர்னரின் இடது முனை மட்டும் மாறவில்லை.

அயர்னர் என்பது விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளை மெஷின். மூன்றரை மீட்டர் அகலம். நூற்றெழுபது பாகை கொதிக்கும் உருளைகள். இரண்டு பேர் ஈர விரிப்பின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, இழுத்து, ஓடும் பட்டையில் வைக்க வேண்டும். உருளை வாங்கிக்கொள்ளும். நாங்கள் இடது முனையில் நிற்பதில்லை. ஒருவர் வலது முனையில், இன்னொருவர் ஏறக்குறைய நடுவில். யாரும் அப்படி ஒரு விதி போடவில்லை. விரிப்பு கோணலாகப் போகும், ஓரம் சுருண்டு தடிக்கும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு சேஃப்டி பார் உண்டு. விரல் பட்டாலும், தடித்த துணி பட்டாலும் அது மேலே எழும்பி மெஷினை நிறுத்திவிடும். காலையில் நாற்பது முறை நிற்கும். நாற்பது முறையும் துணியை உருவி, திரும்ப ஓட்ட வேண்டும்.

போன வருடம் ஒருவர் விலகியபோது அவர் பங்கை வாங்கிச் சேர்ந்த முனீரா ஒருநாள் கேட்டாள். விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்துவிட்டு வந்தவள், முப்பத்திரண்டு வயது, மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

"ஏன் ரகுண்ணே, அந்தப் பக்கம் யாருமே நிக்கமாட்டேங்கறீங்க?"

நான் ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். கதிரேசண்ணன்தான் சொன்னார்: "அங்க சூடு ஜாஸ்தி."

பொய். உருளை முழுக்க ஒரே சூடுதான்.

அங்கே பதினான்கு வருடம் அன்னம்மா அக்கா நின்றார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் காலையில், ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, முந்தின இரவு துவைத்த விரிப்போடு அவருடைய இடது கை உள்ளே போனது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

தினமும் காலையில் அயர்னரைச் சூடேற்ற நான்தான் முதலில் போவேன். இரும்பு விரியும்போது டக், டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்கும். மூன்று சொல். 'ரகு, அவுத்து விட்டுருய்யா.' எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்கும். கேட்டதும் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன்.

*

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சேதுபதி சார் கூப்பிட்டனுப்பினார். கம்பெனியை மூடிய பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள மூன்று ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துத் தரும் ஏஜெண்டாகிவிட்டார். எங்கள் வேலையில் முக்கால்வாசி அவர் கையிலிருந்துதான் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் ரோட்டில் தலைக்கு மேல் விளக்கு அலங்காரம், கீழே நடக்க இடமில்லாத கூட்டம். டன்லப் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் பால் விட்ட தே ஒன்று சொன்னார்.

"உக்காரு ரகு. இப்பல்லாம் ரகுன்னு கூப்பிடலாமா? தலைவர்ல நீ."

"பரவால்ல சார்." சார் என்ற சொல் தானாக வந்து விழுந்தது.

"மூணு ஓட்டலும் ஃபுல். செவ்வாக்கெழமையிலருந்து காலைல பத்து மணிக்குள்ள ஆயிரத்திருநூறு ஷீட் வேணும்."

"இப்ப எண்ணூறுதான் முடியுது சார்."

"ஏன் முடியல? அதே மெஷின். எங்கிட்ட இருந்தப்ப ஆயிரத்து நானூறு போட்டுச்சு."

"பார் அடிக்கடி நிறுத்திடுது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். "அதுக்கு என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியாதா?"

கீழே தெருவில் யாரோ மைக்கில் சேலை விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு நான் சொன்னேன், நீ செஞ்ச. மனசுக்குள்ள என்னைத் திட்டிருப்ப. இப்ப ஒனக்கு மேல யாரு இருக்கா? மொதலாளியா இருந்து பாத்தாத்தான் தெரியும் லா."

"நான் மொதலாளி இல்ல சார். நாங்க பதினொரு பேரு."

"சரி, பதினொரு மொதலாளி. மெஷினுக்கு எண்ணத் தெரியுமா?" சிரித்தார். "முடியலன்னா இப்பவே சொல்லிடு. துவாஸ்ல ஒரு பெரிய ப்ளாண்ட் காத்துக்கிட்டு இருக்கு. நாளைக்கே எடுத்துக்குவாங்க."

"முடியும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். யாரிடமும் கேட்காமல் சொன்னேன். எம்ஆர்டி ரயிலில் ஜூரோங் போய்ச் சேரும்வரை அதே யோசனை: கூட்டத்தைக் கூட்டி எல்லாரிடமும் கேட்க வேண்டுமா? கேட்டால் பேச்சு வளரும், நாள் போகும். தலைவன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான்?

*

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், அயர்னரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, சேஃப்டி பார் எழும்பாதபடி அதன் முனையைக் கம்பியால் கட்டினேன். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு. கை மறக்கவே இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கட்டியதும் இதே கைதான், இதே முறுக்குத்தான். அன்றைக்கு சேதுபதி சார் பின்னால் நின்றார். இன்றைக்கு என் பின்னால் யாருமில்லை. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

அன்னம்மாக்கா குரல் கேட்டது. ரேடியோவைப் போட்டேன்.

மெஷின் நிற்காமல் ஓடியது. எட்டு மணிக்குள் அறுநூறு விரிப்பு. மறுபக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. "இன்னிக்கு மெஷினுக்கு நல்ல புத்தி வந்திருக்கு" என்று கதிரேசண்ணன் கத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை.

எட்டேகாலுக்கு சம்சுக்கா வீறிட்டார்.

கோணலாகப் போன ஒரு விரிப்பை நேராக்க அவர் கையை நீட்டியிருக்கிறார். பருத்திக் கையுறையின் நுனி துணி மடிப்பில் சிக்கிக்கொண்டது. வலது கை உருளையை நோக்கிப் போனது. விரல்கள் பாரில் மோதின. பார் எழும்பவில்லை. மெஷின் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற முனீரா அவரை இடுப்போடு கட்டி இழுத்தாள். நான் சுவரிலிருந்த மெயின் சுவிட்சைப் பிடித்துத் தொங்கினேன். உருளைகள் மெதுவாகி நின்றபோது கையுறை மட்டும் உள்ளே இருந்தது. துணி கருகும் வாடை எழுந்தது. சம்சுக்காவின் இரண்டு விரல்களின் தோல் வெந்து வெளுத்திருந்தது.

அவர் அழவில்லை. தண்ணீர்க் குழாயின் கீழ் விரல்களைப் பிடித்துக்கொண்டே பாரையே பார்த்தார். பிறகு நடந்துவந்து பக்கவாட்டு மூடியை இடது கையால் திறந்தார். கம்பியைப் பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"நான்தான்க்கா."

"யாரு கட்டச் சொன்னது?"

பதினெட்டு வருடத்தில் இந்தக் கேள்விக்கு எப்போதும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. அன்றைக்கு இல்லை.

"யாரும் சொல்லல."

*

முனீரா அவரைப் பாலிகிளினிக்குக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டு வந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகமாட்டேன் என்றார். மதியம் எல்லா மெஷினையும் நிறுத்தினோம். துணிக்கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தோம். அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

நான் சொன்னேன். இந்தக் காலையை மட்டுமல்ல, எல்லாவற்றையும்.

"அன்னம்மாக்கா கை போனப்பவும் பார் கட்டித்தான் இருந்துச்சு. சார் கட்டச் சொன்னாரு, நான் கட்டுனேன். அதுக்கு மொத நாள் அக்கா வந்து எங்கிட்ட கேட்டாங்க, 'அவுத்து விட்டுருய்யா, பயமா இருக்கு'ன்னு. சார்கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள சார் சொன்னாரு, கம்பிய எடுத்துருன்னு. எடுத்துட்டேன். ரத்தம் பட்டிருந்துச்சு. கழுவி சாக்கடையில போட்டேன். அதிகாரிங்க வந்து பாத்தப்ப பார் நல்லா வேலை செஞ்சுச்சு." மூச்சு வாங்கினேன். "அக்கா கையில போன் இருந்துச்சு, கால எடுக்கப் போனாங்க, கவனக் குறைவுன்னு ரிப்போர்ட்ல எழுதுனாங்க. கேட்டப்ப நானும் ஆமான்னேன். அந்தச் சாவுல எனக்குப் பங்கு இருக்கு. இப்ப திரும்பவும் அதையே செஞ்சிருக்கேன். நான் சங்கத்த விட்டுப் போயிடறேன்."

கதிரேசண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "கம்பிய நானும் பாத்தேன். ஆறு வருஷமா நீ ஒருத்தந்தான் சுமந்தேன்னு நெனைக்காத. நான் அவங்க பக்கத்துலதான் நின்னேன். கையில போன் இல்ல. மெஷின் நின்னப்ப லாக்கர்லதான் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும். ஆனா ஆமான்னு தலையாட்டுனேன்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாரும் பார்த்திருந்தார்கள். கம்பி ஒன்றும் ஒளித்துக் கட்டியதில்லை. மாதக்கணக்கில் அங்கேயேதான் இருந்தது. பார்த்துவிட்டு, அது ரகுபதி வேலை, சார் வேலை, நம் வேலையில்லை என்று விரிப்பைப் பிடித்திருக்கிறார்கள். அவர் செத்த பிறகு அந்த இடத்தில் நிற்கப் பயந்தோமே தவிர, அவர் எப்படிச் செத்தார் என்று ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நான் அப்ப இங்க இல்ல" என்றாள் முனீரா. "ஆனா இன்னிக்குக் காலைல கம்பியப் பாத்தேன். மூடி சரியா மூடல. என்னடா இதுன்னு தோணுச்சு. ரகுண்ணே கட்டிருக்காரு, காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். நானும் ஓனர்தானே? ஏன் கேக்கல?"



உலர்த்தும் பகுதி நூர்தீன் பாய்தான் முதலில் நடப்பைப் பேசினார். "நடந்தது நடந்துபோச்சு. கம்பிய அவுத்துருவோம், இனிமே கட்டமாட்டோம்னு முடிவெடுப்போம். அதோட விடுங்க. பழசக் கெளறினா சேதுபதி சும்மா இருப்பாரா? வேலை போயிடும். ரகு ஜெயிலுக்குப் போனாலும் போகலாம். எம்பொண்ணு பாலிடெக்னிக் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு." அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. பாதிப்பேர் முகத்தில் அதே கணக்குத்தான் ஓடியது.

"நான் போயிட்டா சங்கத்துக்கு ஒண்ணும் வராது" என்றேன்.

"நீ போனா நாங்க சுத்தமாயிடுவோமா?" சம்சுக்காவின் குரல் உயரவில்லை. "நல்லாருக்கே. இவ்வளவு நாளா சார் மேல பழியப் போட்டுட்டுத் தூங்குனோம். இப்ப ஒம்மேல போட்டுட்டுத் தூங்கணுமா? அந்த மெஷின நாம வாங்குனப்பவே அந்தச் சாவையும் சேத்துத்தான் வாங்கிருக்கோம். அது தெரியாம மெஷின் நம்மளது, எடம் நம்மளதுன்னு பேசிக்கிட்டு இருந்தோம். அன்னம்மாவுக்கு ஒரு பொண்ணு இருக்கு. அதுகிட்டப் போய்ச் சொல்லணும். அப்புறம் அந்த அதிகாரிங்களோட கவர்மென்ட் அமைச்சுல போய்ச் சொல்லணும். எல்லாரும் போவோம். வேலை போனா போன பெறகு அழுவோம்."

கை தூக்கச் சொன்னோம். ஆறு கை எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து எட்டு. பிறகு ஒன்பது, பத்து. நூர்தீன் பாய் கை தூக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. தலைவர் வேலையை மாதத்துக்கு ஒருவராகப் பார்ப்பது என்றும், மெஷின் வேகத்தைப் பற்றி எந்தத் தனியாளும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்றும் முடிவானது. அதற்கு அவரும் கை தூக்கினார். முதல் மாதம் சம்சுக்கா.

சேதுபதி சாரை அப்போதே கூப்பிட்டோம். என் போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

"சார், ஆயிரத்திருநூறு முடியாது. தொள்ளாயிரம் தர்றோம்."

"யாரு பேசறது? ரகு எங்க?"

"சம்சுன்னிசா."

"ஓ, சம்சுவா. ரகுகிட்ட குடு."

"ரகு இங்கதான் இருக்கான். எல்லாருந்தான் இருக்கோம். சொல்லுங்க."

"என்னம்மா இது, பஜார் மாதிரி? வேலைன்னா ஒரு ஆள் பதில் சொல்லணும்."

"பதினொரு ஆள் பதில் சொல்றோம் சார். இன்னொண்ணு. அன்னம்மா கையில போன் இல்லன்னும், பார் கட்டியிருந்துச்சுன்னும் அமைச்சுல போய்ச் சொல்லப்போறோம்."

போன் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன்.

"கட்டுனது அவன் கை" என்றார் கடைசியில். "அவுத்ததும் அவன் கை. என் கையெழுத்து எங்கயும் இல்ல."

"ஆமா சார்" என்றேன். "என் கைதான். அதையும் சேத்துத்தான் சொல்லப்போறேன்."

"ஒங்க சங்கம் ஒரு மாசம் தாங்காது. புரியுதா? ரெண்டே நாள்ல லாரிய நிறுத்திடுவேன்."

"பாப்போம் சார்" என்றார் கதிரேசண்ணன். போனை அணைத்த பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் சாருங்கறேன் பாரு!"

சாயங்கால வேலைக்குக் கம்பியை அறுத்தெறிந்துவிட்டு அயர்னரைச் சூடேற்றினேன். முனீரா நேராகப் போய் இடது முனையில் நின்றாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் முகம் வெளிறியிருந்தது. சம்சுக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றார். "கையை உள்ள நீட்டாத. மூலைய மட்டும் புடி. விட்டுடு. ஆங், அப்படித்தான். அன்னம்மா இப்படித்தான் வெப்பா." ஆறு வருடத்தில் அந்தப் பெயரை அந்த இடத்தில் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. விரிப்புகள் நேராகப் போயின. பார் எழும்பி மெஷினை நிறுத்தியது, ஆனால் முன்புபோல அடிக்கடி இல்லை.

*

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்த கையோடு பத்துப்பேர் அன்னம்மாக்கா மகளைத் தேடிப் பூன் லேயில் இறங்கினோம். நூர்தீன் பாய் வரவில்லை. "நீங்க போங்க. ட்ரையர நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஒன்பதாவது மாடி. குறுகலான தாழ்வாரத்தில் வரிசையாக நின்றோம். கதவைத் திறந்த அனுப்பிரியாவுக்கு முப்பது வயதிருக்கும். அம்மாவின் நெற்றி, அம்மாவின் புருவம்.

"நீங்கல்லாம் அம்மாவோட லாண்டரி ஆளுங்க. சாவுக்கு வந்தீங்க" என்றாள்.

நான் சொன்னேன். நின்றபடியே, கதவின் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். கம்பி, ஆம்புலன்ஸ், அறிக்கை, நாளைக்கு அமைச்சில் சொல்லப்போவது. நடுவில் அவள் ஒரே ஒரு முறை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போன்?"

"கையில இல்லம்மா" என்றார் சம்சுக்கா. "லாக்கர்ல இருந்துச்சு. அது அடிச்சதே ஒங்கம்மாவுக்குக் கேட்டிருக்காது. அந்த மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

அனுப்பிரியா கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் பண்ணேன்" என்றாள். "ஆறு பத்துக்கு. வீட்டுச் சாவிய எங்க வெச்சீங்கன்னு கேக்கறதுக்கு. கால் ஹிஸ்டரி இன்னும் எங்கிட்ட இருக்கு. அம்மா என் கால எடுக்கப் போயித்தான் கை மாட்டிக்கிச்சுன்னு..." நிறுத்தினாள். "ஆறு வருஷமா நான் காலைல யாருக்கும் போன் பண்றதில்ல. தெரியுமா ஒங்களுக்கு? ஆபீஸுக்குக்கூட மெசேஜ்தான். எங்கம்மாவ நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பத்துப் பேருக்கு இது தெரியும். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு வந்து சொல்லல."

"தப்புத்தாம்மா" என்றார் கதிரேசண்ணன்.

"போங்க. எல்லாரும் போங்க."

கதவைச் சாத்தினாள். நாங்கள் போகவில்லை. போகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு பொரிக்கும் வாடை வந்தது. லிஃப்ட் இரண்டு முறை வந்து திறந்து மூடியது. சம்சுக்கா சுவரில் சாய்ந்து கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டார். உள்ளே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அழுகை கேட்டது. அடக்கி அடக்கி வைத்தது உடைந்து வரும் அழுகை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் எங்களுக்கு விதித்த தண்டனை என்று நின்றோம். நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டோம்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு அங்க போறீங்க?"

"தொறக்கும்போதே."

"நானும் வருவேன். ஒங்களுக்காக இல்ல."

"தெரியும்மா" என்றேன்.

*

அடுத்த நாள் காலை லாரி வரவில்லை. சேதுபதி சார் சொன்னதைச் செய்துவிட்டார். நூர்தீன் பாய் மற்ற சின்ன ஓட்டல்களின் துணியை ஒற்றை ஆளாகத் துவைத்துக்கொண்டிருந்தார். வேறு இரண்டு விடுதிகளுக்குப் போன் போட்டிருப்பதாகவும், ஒன்று 'வந்து பேசுங்க' என்று சொன்னதாகவும் மெசேஜ் அனுப்பினார். கீழே ஒரு வரி: 'சொல்றத முழுசா சொல்லிட்டு வாங்க.'

அமைச்சு அலுவலகத்தில் எங்களுக்கு முன்பே அனுப்பிரியா வந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சம்சுக்காவுக்காகப் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவருடைய கட்டைப் பார்த்து, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டாள்.

முகப்பிலிருந்த இளம்பெண் தமிழில்தான் பேசினார். "வாக்குமூலம் குடுக்கறது யாரு?"

நான் ஐசியை, அடையாள அட்டையை, எடுத்து வைத்தேன். அதன் பக்கத்தில் சம்சுக்கா தன்னுடையதை வைத்தார். பிறகு கதிரேசண்ணன். பிறகு முனீரா. முகப்பு மேசையில் பத்து இளஞ்சிவப்பு அட்டைகள். அந்தப் பெண் அட்டைகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களில் யார் பொறுப்பாளர் என்று தேடும் பார்வை. நாங்கள் எல்லாரும் ஒரே நீலச் சட்டை போட்டிருந்தோம்.

"ஒவ்வொருத்தரா எழுதணும். ரொம்ப நேரமாகும்."

"இருக்கோம்" என்றார் கதிரேசண்ணன்.

உட்கார்ந்தோம். எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. சங்கம் இந்த மாதத்தைத் தாண்டுமா என்று தெரியாது. சேதுபதி ஒரு நல்ல வக்கீலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுக்கலாம். முனீரா எனக்கு ஒரு மிட்டாயை நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அதன் இனிப்பு தெரியவில்லை.

என் எண் திரையில் வந்தது. எழுந்தேன். கூடவே ஒன்பது பேரும் எழுந்தார்கள். ஒரு கணம் தயங்கிவிட்டு அனுப்பிரியாவும் எழுந்தாள்.

அந்தப் பெண் பதறிப்போய்க் கையை நீட்டினார். "இல்ல, இல்ல, ஒருத்தர்தான் உள்ள போகணும்."

"தெரியும்மா" என்றார் சம்சுக்கா. "கதவு வரைக்கும் வர்றோம்."